நீர்மூழ்கிப் படங்களைக் காதால் பாருங்கள்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

நீர்மூழ்கிக் கப்பல் படம் ஒன்றை யாருக்காவது சிபாரிசு செய்தால், மறுநாள் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரே இருட்டு, என்ன நடக்குதுன்னே புரியல." எதில் பார்த்தீர்கள் என்று கேட்டால், பஸ்ஸில் வரும்போது போனில் பார்த்தேன் என்பார்கள். முதல் தவறு இதுதான். இதைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

போர் நீர்மூழ்கியில் ஜன்னல் கிடையாது. பெரிஸ்கோப் எட்டாத ஆழத்துக்குப் போனபின் உள்ளே இருக்கும் ஒருவருக்கும் வெளியே எதுவும் தெரியாது. எதிரிக் கப்பல் எங்கே, எவ்வளவு வேகத்தில் வருகிறது, நம் தலைக்கு மேலே வந்துவிட்டதா என்பதெல்லாம் காதால் மட்டுமே அறியக்கூடியவை. எனவே இந்த வகைப் படங்களில் கதையே ஒலியில்தான் இருக்கிறது. தூரத்தில் சுழலும் புரொப்பல்லர், அழுத்தத்தில் முனகும் இரும்பு, எங்கோ சொட்டும் தண்ணீர் எல்லாம் கதாபாத்திரங்கள்தான். போன் ஸ்பீக்கரில் இவை எதுவும் கேட்காது. ஒரு சாதாரண ஹெட்போன் போதும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

இரண்டாவது தவறு, எந்த வடிவத்தைப் பார்க்கிறோம் என்று கவனிக்காமல் ஆரம்பிப்பது. இந்த வகையின் சிகரம் என்று நான் நினைக்கும் 'தாஸ் போட்' படத்தை எடுத்துக்கொள்வோம். வொல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கிய ஜெர்மன் படம், இரண்டாம் உலகப் போரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியில் இருந்தவர்களின் கதை. 1981-ல் திரையரங்குக்கு வந்தது சுமார் 149 நிமிடம். 1997-ல் இயக்குநரே திருத்தி வெளியிட்டது சுமார் 208 நிமிடம். தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பானதைச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 5 மணி நேரம். இதே பெயரில் 2018-ல் தொடங்கிய தொடர் வேறு. அது 1942-ல் நடக்கும் தொடர்ச்சிக் கதை, அதில் பாதி கரையிலேயே நடக்கிறது. அதன் முதல் பகுதியைப் பார்த்துவிட்டு "இதையா இவ்வளவு புகழ்ந்தீர்கள்?" என்று கேட்டவர்கள் உண்டு.

முதல்முறை பார்ப்பவர் 208 நிமிட வடிவத்தை ஜெர்மன் மொழியிலேயே, சப்டைட்டிலோடு பார்ப்பது நல்லது. நேரம் இருப்பவருக்கு 5 மணி நேரம். ஏன் அவ்வளவு நீளம் வேண்டும்? அந்த நீர்மூழ்கிப் படகுகளில் நாட்களில் பெரும்பகுதி எதுவுமே நடக்காமல்தான் போனது. புயலும், ஈரமும், பூஞ்சை பிடித்த ரொட்டியும், சலிப்பும் வாரக்கணக்கில் நீடித்தன. அந்தச் சலிப்பை நாமும் கொஞ்சம் அனுபவித்தால்தான் நீர்மூழ்கியைத் தாக்க மேலிருந்து கடலுக்குள் போடும் டெப்த் சார்ஜ் குண்டு வெடிக்கும்போது நெஞ்சு அடைக்கும். 'மெதுவாகப் போகிறது' என்று ஓட்டி ஓட்டிப் பார்த்தால் இழப்பு நமக்குத்தான். மியூனிக் ஸ்டுடியோவில் படகின் உட்புறத்தை நிஜ அளவிலேயே கட்டினார்கள். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வக்கானோ கையில் கேமராவோடு அந்தக் குறுகலான வழியில் மாலுமிகளின் பின்னாலேயே ஓடியிருக்கிறார். நடிகர்களின் முகம் வெளுத்துப்போகட்டும் என்று படப்பிடிப்புக் காலத்தில் அவர்களை வெயிலில் படவிடவில்லை.

அப்புறம், 'பிங்' சத்தம். ஒலியை அனுப்பி, அது எதிலாவது பட்டு எதிரொலிப்பதை வைத்து எதிரியைத் தேடும் முறை அது. நீர்மூழ்கி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அதுதான். பல படங்களில் நீர்மூழ்கியே நொடிக்கொரு தரம் பிங் பிங் என்று ஒலி எழுப்பிக்கொண்டு போகும். இதை உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இருட்டில் ஒளிந்திருப்பவன் டார்ச் அடித்துத் தேடினால் முதலில் அகப்படுவது அவன்தான். நீர்மூழ்கியின் பலமே சத்தம் போடாமல் இருப்பது. அது பெரும்பாலும் கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கும். 'தாஸ் போட்' படத்தில் வரும் பிங் மேலே தேடும் போர்க்கப்பலுடையது. அந்த ஒலி படகின் உடலில் பட்டு உள்ளே இருப்பவர்களுக்கே கேட்கும், அதனால்தான் அது அப்படிப் பயமுறுத்துகிறது. 1990-ல் வந்த 'தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்' படத்தில் கேப்டன் ஒரே ஒரு பிங் போதும் என்று அழுத்திச் சொல்லும் இடத்தின் கனமும் இதைத் தெரிந்தவருக்குத்தான் புரியும். கேட்பதையே வேலையாகக் கொண்ட மனிதனைப் பற்றி 2019-ல் 'தி உல்ஃப்ஸ் கால்' என்ற பிரெஞ்சுப் படம் வந்தது. ஒலியை வைத்தே கப்பலை அடையாளம் காணும் நிபுணர்களுக்கு பிரெஞ்சுக் கடற்படையில் 'தங்கக் காது' என்றே பெயர். இந்த ஒரு விஷயத்துக்காகவாவது அந்தப் படத்தைப் பாருங்கள்.

தண்ணீருக்கடியில் இரண்டு நீர்மூழ்கிகள் ஒன்றையொன்று துரத்திச் சண்டை போடுவதையும் வழக்கமான போர் என்று நினைத்துவிடுகிறோம். இரண்டுமே மூழ்கிய நிலையில் இருக்கும்போது ஒன்று மற்றொன்றைத் திட்டமிட்டு மூழ்கடித்ததாக வரலாற்றில் பதிவான நிகழ்வு ஒன்றே ஒன்று. 1945 பிப்ரவரி 9 அன்று நார்வே கடலோரத்தில், பிரிட்டனின் வென்ச்சரர் ஜெர்மனியின் யு-864-ஐ அப்படி வீழ்த்தியது. யு-864-ல் இருந்த 73 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இங்கே 'காஸி' படத்தைச் சொல்லியாக வேண்டும். 2017-ல் தெலுங்கிலும் இந்தியிலும் எடுக்கப்பட்ட படம். நம்மூர்ப் பக்கம் இந்த வகையில் துணிந்து எடுக்கப்பட்டது என்ற மரியாதை எனக்கு அதன்மேல் உண்டு. ஆனால் அதைப் பார்த்துவிட்டு, 1971-ல் நம் நீர்மூழ்கிதான் காஸி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கியை, நீருக்கடியில் பாயும் குண்டான டார்பிடோவால் வீழ்த்தியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். பாகிஸ்தானின் காஸி அந்த டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு அருகே, உள்ளே இருந்த அத்தனை பேரோடும் மூழ்கியது உண்மை. ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற போர்க்கப்பல் வீசிய டெப்த் சார்ஜால் மூழ்கியது என்பது இந்தியத் தரப்பு. விபத்து வெடிப்பு என்பது பாகிஸ்தான் தரப்பு. இரண்டிலுமே இந்திய நீர்மூழ்கி கிடையாது. (இதோடு இன்னொன்று. 1914-ல் சென்னைமீது குண்டு வீசிய எம்டனை நீர்மூழ்கி என்று நம்மில் சிலர் இன்னமும் நினைக்கிறார்கள். அது நீர்மேல் ஓடிய குரூசர் கப்பல்.)

சினிமா வரலாறு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும்தானே என்று கேட்கலாம். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை. காரணம் 'யு-571'. 2000-ல் வந்த அந்த அமெரிக்கப் படத்தில் அமெரிக்க மாலுமிகள் ஜெர்மன் படகில் ஏறி, ரகசியச் செய்திகளை எழுதும் எனிக்மா இயந்திரத்தைக் கைப்பற்றுவார்கள். விறுவிறுப்பான படம்தான். நடந்தது என்ன? 1941 மே 9 அன்று, அமெரிக்கா போரில் இறங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே, பிரிட்டனின் புல்டாக் கப்பலிலிருந்து போனவர்கள்தான் யு-110-ல் ஏறி எனிக்மாவையும் குறியீட்டு நூல்களையும் எடுத்து வந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 30 அன்று மத்தியதரைக் கடலில் யு-559 மூழ்கிக்கொண்டிருந்தது. பெட்டார்டு கப்பலைச் சேர்ந்த டோனி ஃபாசனும் காலின் கிரேஸியரும் அதற்குள் இறங்கிக் குறியீட்டு நூல்களை மேலே அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். படகு திடீரென்று மூழ்க, இருவரும் அதோடு போனார்கள். அவர்கள் கொடுத்ததை வாங்கி மேலே சேர்த்த டாமி பிரவுன் கேன்டீன் உதவியாளர், 16 வயதுப் பையன். அவன் பிழைத்தான். அந்த நூல்கள் இல்லாவிட்டால் அட்லாண்டிக்கில் இன்னும் எத்தனையோ சரக்குக் கப்பல்கள் போயிருக்கும்.

இவர்களுடைய செயலை வேறொரு நாட்டு நாயகர்களுக்கு மாற்றிக் கொடுத்தபோது பிரிட்டனில் கோபம் எழுந்தது. நாடாளுமன்றத்தில் இது பற்றிக் கேள்வி வந்தபோது அன்றைய பிரதமர் டோனி பிளேரும் அந்த வருத்தத்தை ஏற்றுக்கொண்டார். படத்தின் கடைசியில் உண்மையான கைப்பற்றல்கள் எழுத்தில் வருகின்றன. அதற்குள் நாம் எழுந்துவிடுகிறோம். தயவுசெய்து அந்த எழுத்துகள் முடியும்வரை உட்காருங்கள்.

'கே-19' படத்திலும் இதே பிரச்சினை, ஆனால் கொஞ்சம் சிக்கலானது. 1961 ஜூலை 4 அன்று சோவியத் அணு நீர்மூழ்கி கே-19-ல் அணு உலையைக் குளிர்விக்கும் அமைப்பு பழுதானது. அதைச் சரிசெய்ய உள்ளே போனவர்களில் 8 பேர் மூன்று வாரங்களுக்குள் கதிர்வீச்சால் இறந்தார்கள். 2002 படம் அந்தத் தியாகத்தை உண்மையாகவே மனதில் பதிய வைக்கிறது. ஆனால் படத்தின் பெயரில் வரும் 'விதவையாக்கி' என்ற பட்டம் மாலுமிகள் வைத்ததல்ல, அவர்கள் அந்தக் கப்பலை 'ஹிரோஷிமா' என்றார்கள். உயிர் பிழைத்தவர்கள் திரைக்கதையின் முதல் வடிவத்தில் தங்களைக் காட்டிய விதத்தை எதிர்த்தார்கள், பாத்திரங்களின் பெயர்கள் கற்பனையாகின. படத்தில் கேப்டனுக்கு எதிராகக் கலகம் நடக்கும். உண்மையில் கேப்டன் நிக்கோலாய் ஸாட்டேயெவ், அப்படி ஒன்று வந்துவிடக் கூடாதென்று கப்பலிலிருந்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே கடலில் எறிந்துவிட்டார். எனக்கு இந்த உண்மைதான் படத்தைவிடப் பெரிய நாடகமாகப் படுகிறது.

கே-19-ல் இருந்த இரண்டாம் நிலை அதிகாரி வாசிலி ஆர்க்கிப்போவ். மறு ஆண்டு, 1962 அக்டோபரில், அமெரிக்காவும் சோவியத்தும் அணுப்போரின் விளிம்புக்கு வந்த கியூபா நெருக்கடியின்போது அவர் பி-59 என்ற டீசல் நீர்மூழ்கியில் இருந்தார். அமெரிக்கக் கப்பல்கள் மேலே வரச்சொல்லி எச்சரிக்கைக் குண்டுகள் போட்டன. உள்ளே தாங்க முடியாத வெப்பம், மாஸ்கோவோடு தொடர்பில்லை. போர் மூண்டுவிட்டது என்று நினைத்த கேப்டன் அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார். ஆர்க்கிப்போவ் ஒப்புக்கொள்ளவில்லை. 1995-ன் 'கிரிம்ஸன் டைட்' படத்தில் கேப்டனும் துணை அதிகாரியும் அணு ஏவுகணைக்காக மோதுவதைப் பார்த்து "இப்படியெல்லாம் நடக்குமா?" என்று சிரிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அமெரிக்கக் கடற்படை அந்தப் படத்துக்கு ஒத்துழைக்க மறுத்தது வேறு விஷயம்.

அந்தப் படத்தின் முடிச்சு, பாதியில் அறுந்த ஒரு செய்தி. இதைக் கதாசிரியர் வசதிக்காகச் செய்த தந்திரம் என்று நினைப்பதும் தவறு. சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் போகாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் மட்டுமே ஓரளவு ஆழம்வரை இறங்கும். அதிலும் கரையிலிருந்து படகுக்கு மட்டும்தான், அதுவும் மெதுவாக. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் வானளாவிய கோபுரங்களோடு இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தின் வேலையே இதுதான், கடலுக்கடியில் இருக்கும் இந்திய நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது. ஆழத்தில் இருந்தபடியே கேப்டன் தலைமையகத்தோடு போனில் பேசுவதுபோலப் பேசினால், அந்தக் காட்சியை நம்பாதீர்கள். பதில் பேச முடியாத அந்தத் தனிமைதான் இந்த மனிதர்களின் வாழ்க்கை.

இன்னும் ஒரு தவறு இருக்கிறது, இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். படம் முழுக்க அந்த இரும்புக் குழாய்க்குள் அவர்களோடு மூச்சுத் திணறுவதால், நாம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். 'தாஸ் போட்' தொடக்கத்தில் ஒரு வரி வரும்: யு-போட் எனப்படும் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் சென்ற 40,000 ஜெர்மானியரில் 30,000 பேர் திரும்பவில்லை. அதற்காக வருந்துவது நியாயம்தான். ஆனால் அதே படத்தில் எரியும் எண்ணெய்க் கப்பல் காட்சி ஒன்று உண்டு. டார்பிடோ பட்டுப் பல மணி நேரம் கழித்தும் அந்தக் கப்பலில் ஆட்கள் இருக்கிறார்கள். தீயோடு கடலில் குதித்து, படகை நோக்கிக் கத்திக்கொண்டே நீந்தி வருகிறார்கள். கேப்டன் பின்னால் போகச் சொல்கிறார். படகு மெல்லப் பின்வாங்குகிறது. மாலுமி ஒருவன் அழுகிறான். பலர் இந்தக் காட்சியைப் பின்னால் வரும் பெரிய சண்டைக்காகக் காத்திருந்து கடந்துவிடுகிறார்கள். இந்த இடத்தில் அந்த நீந்துபவர்களின் முகத்தையும் பாருங்கள்.

விசாகப்பட்டினம் போகிறவர்கள் ராமகிருஷ்ணா கடற்கரையில் நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1969-ல் சேவைக்கு வந்து 2001-ல் ஓய்வுபெற்ற நிஜ நீர்மூழ்கி அது. ஆர்க்கிப்போவ் இருந்த பி-59-ம் இதே ரகம்தான். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு வட்டமான ஓட்டை வழியாக, காலை முதலில் விட்டு, தலையைக் குனிந்து போக வேண்டும். நான் போனபோது முன்னால் போன ஒரு சிறுவன் பாதியில் நின்று, "அப்பா, இங்க எங்க படுப்பாங்க?" என்று கேட்டான். அவன் அப்பா, டார்பிடோ குழாய்களுக்குப் பக்கத்தில் தொங்கிய கட்டிலைக் காட்டினார்.