நெடுவரிசைகளை வரிசைகளாக்க ஒரே வினவல் போதும்

மதிப்பெண் அட்டவணையில் தமிழ், கணிதம், அறிவியல் என்று பாடத்துக்கு ஒரு நெடுவரிசை இருக்கிறது. பாடத்துக்கு ஒரு வரிசை வேண்டுமா? எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் 'கிராஸ் அப்ளை'யையும் 'வேல்யூஸ்' பட்டியலையும் சேர்த்து வினவலை எழுதுங்கள் (ம என்பது மாணவர் அட்டவணைக்கும், ப என்பது வேல்யூஸ் பட்டியலுக்கும் சுருக்கப் பெயர்):

செலக்ட் ம.பெயர், ப.பாடம், ப.மதிப்பெண்
ஃப்ரம் மாணவர் ம
கிராஸ் அப்ளை (வேல்யூஸ்
('தமிழ்', ம.தமிழ்),
('கணிதம்', ம.கணிதம்),
('அறிவியல்', ம.அறிவியல்)
) ப(பாடம், மதிப்பெண்)

பலரும் செய்வதுபோல மூன்று செலக்ட்களை 'யூனியன் ஆல்' கொண்டு ஒட்டினால், பொதுவாக அட்டவணை மூன்று முறை படிக்கப்படும். இங்கே ஒரு முறை படித்த வரிசையே மூன்றாக விரிகிறது. பெரிய அட்டவணையில் வேறுபாடு நன்றாகத் தெரியும். இதற்கென்றே உள்ள 'அன்பிவட்' கட்டளையைவிடவும் எனக்கு இதுதான் பிடிக்கும். அன்பிவட் 'நல்' (NULL, அதாவது மதிப்பே பதியாத) வரிசைகளைச் சொல்லாமல் கைவிட்டுவிடும், தேர்வுக்கு வராத மாணவர் பட்டியலிலிருந்தே காணாமல் போவார். இந்த முறையில் அவர் இருப்பார். வேண்டாமென்றால் 'வேர்' நிபந்தனையில் நீங்களே நீக்கிக்கொள்ளலாம்.

போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தில் 9.3 பதிப்பு முதல் 'கிராஸ் ஜாயின் லேட்டரல்' என்று எழுதினால் இதே வேலை நடக்கும். எஸ்.க்யூ.லைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் லேட்டரல் கிடையாது, அங்கே யூனியன் ஆல் பயன்படுத்தலாம்.

எண்ணும் எழுத்தும் கலந்த நெடுவரிசைகளை முதலில் 'காஸ்ட்' கொண்டு ஒரே வகைக்கு மாற்றிவிடுங்கள். நெடுவரிசைப் பெயர்கள் முன்கூட்டியே தெரியாத அட்டவணைக்கு இது உதவாது. அங்கே வினவலையே நிரல் வழியாக உருவாக்க வேண்டும்.