பிஆர் கார்ட் புதுப்பிக்கும்போது விடக்கூடாத பிழைகள்

கனடாவில் நிரந்தர வதிவிட அட்டையை, அதாவது பிஆர் கார்ட்டை, பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஸ்காபரோவில் நெடுங்காலமாக இந்த விண்ணப்பங்களை நிரப்ப உதவி வருகிறேன். வந்த புதிதில் நாங்கள் விட்ட பிழைகளையே இப்போது வருகிற பிள்ளைகளும் விடுகிறார்கள். கையெழுத்துப் போட மறப்பது, 50 டொலர் கட்டிய ரசீதை இணைக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றுக்கு விண்ணப்பம் திரும்பி வரும், திருத்தி அனுப்பிவிடலாம். திரும்பிப் பெற முடியாத இழப்பைக் கொண்டுவருகிற பிழைகள் வேறு.

கார்ட் முடிந்தால் பிஆரும் முடிந்தது என்று பயப்படுவது

காலாவதியாவது அட்டை மட்டும்தான். உங்கள் அந்தஸ்து அப்படியே இருக்கும்.

730 நாள் கணக்கைப் பிழையாகப் போடுவது

ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த ஐந்து வருடம் என்பதில்தான் சறுக்குகிறார்கள். கார்ட்டில் அச்சிட்ட திகதிகளுக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை. விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து வருடம் எண்ண வேண்டும். முன்னால் ஒரு நாள் சேரும்போது பின்னால் ஒரு நாள் கழன்றுவிடும். வந்து முதல் இரண்டு வருடம் இங்கே இருந்துவிட்டு, மூன்று வருடம் துபாயில் வேலை செய்தவர், இன்னும் இரண்டு மாதம் கழித்துத் திரும்பினால் அந்த இரண்டு மாதமும் அவர் கணக்கில் குறைந்திருக்கும்.

வந்திறங்கிய நாளும் புறப்பட்ட நாளும் இங்கே இருந்த நாளாகவே சேரும். கனேடியக் குடியுரிமை உள்ள கணவனுடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாட்களையும் எண்ணலாம், ஆனால் அதற்கு ஆதாரம் கேட்பார்கள். நாள் போதாதென்றால் அவசரப்பட்டு விண்ணப்பிக்காதீர்கள். நீங்களாகவே கோப்பைத் திறந்து கொடுத்ததாகிவிடும். இங்கேயே இருந்து கணக்கை நிரப்பிவிட்டு, அப்புறம் போடுங்கள்.

அகதியாக ஏற்கப்பட்டவர் இலங்கைப் பாஸ்போர்ட் எடுப்பது

இதைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆறாது. ஒரு தம்பி வந்தான். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு பிஆர் ஆனவன். மேசையில் புத்தம்புதிய இலங்கைப் பாஸ்போர்ட்டை வைத்தான். உள்ளே ஒரே ஒரு பக்கத்தில் கட்டுநாயக்க விமான நிலைய முத்திரைகள், போனதற்கு ஒன்று, வந்ததற்கு ஒன்று. "அக்கா, கார்ட் புதுப்பிக்கப் பாஸ்போர்ட் கட்டாயம் வேணுமாம், அதுதான் எடுத்தனான். எடுத்த கையோட தங்கச்சியின்ர கலியாணத்துக்கும் போட்டு வந்திட்டன்." காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பிக் கொடுக்கிற ஒருவர் சொன்ன புத்தி அது. அவரிடம் அதற்கான உரிமம் கிடையாது. அப்படிச் சொல்பவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அனுபவிப்பது இந்தப் பிள்ளைகள்தான்.

விண்ணப்பத்துடன் கேட்பது பாஸ்போர்ட் அல்லது பயணப் பத்திரம். அகதியாக ஏற்கப்பட்டவருக்குக் கனடா அரசே அகதிப் பயணப் பத்திரம் கொடுக்கிறது. அதை வைத்து கார்ட் புதுப்பிக்கலாம். எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தீர்களோ அந்த நாட்டுக்கு மட்டும் அது செல்லாது. கார்ட்டுக்காக இலங்கைத் துணைத் தூதரகத்தின் படியேற வேண்டிய தேவையே இல்லை.

பாஸ்போர்ட் எடுத்தால் என்ன நடக்கும்? 'இலங்கை அரசிடமிருந்து எனக்குப் பாதுகாப்பு இல்லை' என்று சொல்லித்தான் இங்கே ஏற்கப்பட்டீர்கள். அதே அரசின் பாஸ்போர்ட்டை எடுத்தால், அந்தப் பாதுகாப்பை நீங்களே விரும்பித் திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது உங்கள் பொறுப்பு. இலங்கைக்கே போகாமல் அந்தப் பாஸ்போர்ட்டில் வேறு நாட்டுக்குப் போனாலும் அதையும் எதிராக எடுப்பார்கள். இந்த நடவடிக்கைக்குச் செசேஷன் என்று பெயர். 2012 டிசம்பர் 15க்கு முன் இதனால் பிஆர் பறிபோகாது. அன்றிலிருந்து அகதிப் பாதுகாப்புடன் பிஆரும் சேர்ந்தே போகும்படி சட்டம் மாறியது. பிஆர் கிடைத்துப் பதினைந்து வருடமாகிவிட்டது, வீடு வாங்கியாகிவிட்டது, பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள் என்பதெல்லாம் இதை நிறுத்தாது. 730 நாள் பிரச்சினையில் பிஆர் போனால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். இதில் அந்த வழியும் இல்லை. மீளாய்வு கேட்டு, முதலில் அதற்கு அனுமதி வாங்கி, கூட்டாட்சி நீதிமன்றம்தான் போக வேண்டும்.

கார்ட் விண்ணப்பத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஐந்து வருடத்தில் எந்தெந்த நாட்டுக்கு, எந்தத் திகதியில், ஏன் போனீர்கள் என்று அதில் ஒரு அட்டவணை இருக்கிறது. 'இலங்கை, கலியாணம்' என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். கோப்பு எல்லைச் சேவைகள் முகவரகத்துக்குப் போகும். அங்கிருந்து அமைச்சரின் பெயரில் அகதிகள் பாதுகாப்புப் பிரிவுக்கு விண்ணப்பம் போகும். தம்பிக்குப் புதுக் கார்ட் வரவில்லை, செசேஷன் கடிதம்தான் வந்தது. அவனுடைய வழக்கு இன்னும் முடியவில்லை.

"பக்கத்து வீட்டார் வருடா வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் வருகிறார்களே" என்று கேட்பார்கள். அவர்கள் குடியுரிமை எடுத்தவர்களாக இருக்கலாம், ஸ்பொன்சரில் வந்தவர்களாக இருக்கலாம். கணவன் அகதியாக ஏற்கப்பட்டு மனைவியை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டிருந்தால், மனைவி போய் வரலாம், கணவன் போகக்கூடாது. ஒரே வீட்டுக்குள்ளேயே இந்த வித்தியாசம் இருக்கும்போது அடுத்த வீட்டை அளவுகோலாக எடுக்கக்கூடாது.

ஏற்கெனவே போய் வந்தவர்கள் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் சட்டத்தரணியிடம் போங்கள். 2022இல் கமாயோ என்பவரின் செசேஷன் வழக்கில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் பார்க்க வேண்டிய விடயங்களை எடுத்துச் சொன்னது: இப்படியொரு விளைவு வரும் என்று போய் வந்தவருக்கு உண்மையில் தெரிந்திருந்ததா, எதற்காகப் போனார், அங்கே ஒளித்து, கவனமாக இருந்தாரா, அவர் பயந்தது அரசுக்கா வேறு ஆட்களுக்கா, எத்தனை தடவை, எவ்வளவு காலம் என்பவை. ஆகவே அம்மாவின் ஆஸ்பத்திரித் துண்டு, எங்கே தங்கினீர்கள் என்பதற்கான சாட்சி எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். கார்ட் இல்லாமலும் நீங்கள் பிஆர்தான் என்பதால், ஆலோசனை கேட்க நேரம் இருக்கிறது.

இன்னும் போகாதவர்கள் குடியுரிமை எடுக்கும் வரை பொறுங்கள். ஐந்து வருடத்தில் 1095 நாள் இங்கே இருந்திருந்தால் விண்ணப்பிக்கலாம், அதற்குச் செல்லுபடியான பிஆர் கார்ட் கட்டாயமில்லை. குடியுரிமை கிடைத்தபின் செசேஷன் உங்களைத் தொடாது. அதுவரை பெற்றோரைப் பார்க்க வேண்டுமானால், பயணப் பத்திரத்தில் விசா எடுத்து இந்தியா போன்ற மூன்றாவது நாட்டில் சந்திக்கிறவர்கள் உண்டு. செலவுதான், அலைச்சல்தான். ஆனாலும் அதுதான் வழி.

போன பயணத்தை எழுதாமல் விடுவது

2020இலிருந்து விமானத்தில் கனடாவை விட்டு வெளியேறுவதும் பதிவாகிறது. பொய்த் தகவலுக்குக் கனடாவுக்குள் வர ஐந்து வருடத் தடை தனி.

வெளிநாட்டில் இருக்கும்போது கார்ட் முடிவது

கார்ட் இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். நிரந்தர வதிவிடப் பயணப் பத்திரத்துக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்க வேண்டும், அப்போதும் 730 நாளைப் பார்ப்பார்கள். காலாவதிக்கு ஒன்பது மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு முன் கார்ட்டின் திகதியைப் பாருங்கள்.

படம்

50க்கு 70 மில்லிமீற்றர். பாஸ்போர்ட்டுக்கு எடுத்து மிஞ்சியது சரிவரும் என்று நினைக்காமல், கடைக்காரரிடம் பிஆர் கார்ட்டுக்கு என்று சொல்லி எடுங்கள்.

விலாசம்

குடியிருக்கிற பேஸ்மென்ட் மாறினால் அன்றே இணையத்தில் மாற்றிவிடுங்கள். கார்ட் தபாலில்தான் வரும்.