ஆத்தங்குடிக் கல் கடைக்கு ஆர்டர் தளம்: சின்ன அணி வேலை செய்யும் முறை

காரைக்குடியில் நான்கு பேர் சேர்ந்து, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் விற்கும் கடைக்கு ஆர்டர் தளம் செய்வதாக வைத்துக்கொள்வோம். எந்த ஃபிரேம்வொர்க் என்பதைப் பிறகு பார்க்கலாம். லைவில் போட்டது கெட்டால் ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆக்குவது எப்படி என்று அணித்தலைவர் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

ஒவ்வொரு ரிலீஸையும் (வெளியிடும் பதிப்பையும்) சர்வரில் தனி ஃபோல்டரில் போடுங்கள். எது ஓட வேண்டும் என்பதை ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) காட்டட்டும். கெட்டால் சிம்லிங்க்கை முந்தைய ஃபோல்டருக்குத் திருப்பினால் போதும். கடைசி ஐந்து ரிலீஸ்களை அழிக்காதீர்கள்.

கோடு (நிரல்) திரும்பிவிடும், டேட்டாபேஸ் திரும்பாது. அதில் ‘விலை’ என்ற நெடுவரிசையை (column) ‘சதுர அடி விலை’ என்று ஒரே வீச்சில் மாற்றினால், பழைய கோடுக்குத் திரும்பிய நொடியே அது இல்லாத நெடுவரிசையைத் தேடி 500 பிழை (சர்வர் பிழை) காட்டும். முதல் ரிலீஸில் புது நெடுவரிசையைச் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள்; பழைய பதிவுகளின் விலையையும் புதியதில் நகலெடுத்துவிடுங்கள். அடுத்ததில் புதியதிலிருந்து படியுங்கள். ஒரு வாரம் தொந்தரவில்லாமல் ஓடிய பிறகு பழையதை நீக்குங்கள்.

கோடைச் சோதிக்கும் டெஸ்ட் எல்லாவற்றுக்கும் எழுத நேரம் இருக்காது. காசும் எண்ணிக்கையும் வரும் இடத்துக்குக் கட்டாயம் எழுதுங்கள். 10 அங்குலச் சதுரக் கல் சதுர அடிக்கு 1.44 வேண்டும், 200 சதுர அடிக்கு 288, உடைசலுக்கு 5 சதவீதம் கூட்டினால் 302.4, அதாவது 303 கல். இடையிலேயே 1.4 என்று சுருக்கினால் 294தான் வரும். ஒன்பது கல் குறையும். கையால் வார்க்கும் கல், அடுத்த முறை வார்ப்பதில் நிறம் அப்படியே ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. கடைக்காரருக்கு வரும் வசவு உங்களுக்கும் வரும். கடைசியில் மட்டும் மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள்.

தொகையைப் பைசாவில், முழு எண்ணாகச் சேமியுங்கள். பணம் கட்டியவரின் நெட் நடுவில் அறுந்தால் பிரவுசர் உங்கள் பக்கத்துக்குத் திரும்பாது. ஆகவே வெப்ஹூக்கை (பணம் வந்ததும் பேமென்ட் நிறுவனம் உங்கள் சர்வருக்கு நேராக அனுப்பும் செய்தியை) நம்புங்கள், அவர்கள்தான் அனுப்பினார்கள் என்று காட்டும் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகு. அதே வெப்ஹூக் சில நேரம் இரண்டு முறை வரும். பேமென்ட் எண்ணுக்கு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே எண் இரண்டு முறை பதிவாகாமல் டேட்டாபேஸில் போடும் தடை) இல்லையென்றால் ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகும்.

அச்சகத்திலிருந்து வரும் விலைப்பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால், ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.

ரிவியூவுக்கு (அணியில் இன்னொருவர் கோடைச் சரிபார்க்க) வருவது 300 வரிக்குள் இருக்கட்டும், அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஆயிரம் வரியை யாரும் படிப்பதில்லை, ‘ஓகே’ போட்டுவிடுவார்கள். பிழையைக் கோடின் மேல் எழுதுங்கள், வாட்ஸ்அப் குழுவில் ஆளின் மேல் எழுதாதீர்கள். ரிலீஸ் பொறுப்பு வாரம் ஒருவருக்கு, இளையவர் உட்பட. நேரம் காலை 11 மணி, வெள்ளிக்கிழமை வேண்டாம்.

பேக்கப் தினமும் வேறு சர்வருக்குப் போகட்டும். மாதம் ஒருமுறை அதை வெற்று மெஷினில் ஏற்றி, நேற்றைய ஆர்டர்களை எண்ணிப் பாருங்கள்.