கொழும்பிலிருந்து வான்தூரமும் பறக்கும் நேரமும் கணக்கிடும் முறை

கணக்கைக் கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையத்திலிருந்து தொடங்குங்கள். கொழும்பின் மற்ற விமான நிலையமான இரத்மலானையைத் தெரிவுசெய்தால் ஏறத்தாழ 40 கி.மீ. பிசகும். சென்னை போன்ற குறுகிய பயணத்தில் அது பெரிய பிழை.

நேர் வடக்கே இருக்கும் ஊருக்குக் கணக்கு மிக இலகு. அகலாங்கில் ஒரு பாகை சுமார் 111 கி.மீ. கட்டுநாயக்க 7.18, சென்னை 12.99, வித்தியாசம் 5.81. பெருக்கினால் 645 கி.மீ. வரும். நெட்டாங்கும் மாறும் ஊர்களுக்கு இது சரிவராது. பூகோள உருண்டையில் இரு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்து அளவிடுங்கள். தட்டையான வரைபடத்தில் அடிமட்டம் வைக்கவே வேண்டாம்.

நேரத்துக்கு, தூரத்தை விமானத்தின் வேகமான மணிக்கு 850 கி.மீ.ஆல் வகுத்து, ஏறி இறங்கவும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் அரை மணித்தியாலம் கூட்டுங்கள். சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம். இலண்டன் சுமார் 8,700 கி.மீ., ஆகவே பத்தே முக்கால். மேற்கே போகும்போது எதிர்க்காற்றால் இன்னும் கூடும், திரும்பி வரும்போது பெரும்பாலும் குறையும்.

பலரும் தடுமாறுவது டிக்கெட்டில்தான். அதிலுள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். பகல் 1.00 மணிக்குப் புறப்பட்டு மாலை 6.30க்கு இலண்டன் என்றிருந்தால் பயணம் ஐந்தரை மணித்தியாலம் அல்ல. குளிர்காலத்தில் இலண்டன் நமக்கு 5.30 மணித்தியாலம் பின்னால். அதையும் கூட்டினால் 11. கோடையில் வித்தியாசம் 4.30 மட்டுமே. அழைத்துப்போக வருகிற உறவினருக்கு இலண்டன் நேரத்தையே சொல்லுங்கள்.