ஆரல்வாய்மொழிக் காற்றுக்குத் தாங்கும் வலையறை

முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர் வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் அங்கே வீட்டோடு ஒட்டி ஓர் அறை இறக்குவதையும் கடினமாக்குகிறது. ஆரல்வாய்மொழி மலைக்கணவாய் வழியே வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து காற்று இடைவிடாமல் அடிக்கும். மழைமறைவுப் பகுதி என்பதால் அந்தக் காற்றில் சூடும் புழுதியும்தான் அதிகம். சாயங்காலம் வெளியே உட்கார ஆசை இருக்கும், கொசு விடாது. இதற்கெல்லாம் பொருத்தமான தீர்வு மூன்று பக்கமும் காற்று போகிற, கொசு நுழையாத வலையறை. இங்கே சொல்வது 14 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள, வீட்டுச் சுவரை ஒட்டிய அறைக்கான கணக்கு.

காற்று கூரையை அமுக்காது, தூக்கும்

பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் கூரையின் எடையைத் தாங்கவே தூண் போடுகிறார்கள். கலர் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட வராது. அதைத் தாங்குவது பெரிய காரியமில்லை. காற்று கீழே நுழைந்து மேலே தள்ளும், மேற்புறத்திலோ உறிஞ்சி இழுக்கும். இரண்டும் ஒரே திசையில் வேலை செய்வதால்தான் ஷீட்டுகள் பறக்கின்றன.

கட்டட வடிவமைப்புக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி மதுரைக்கும் கோவைக்கும் அடிப்படைக் காற்றுவேகமாக நொடிக்கு 39 மீட்டர் தருகிறது, சென்னைக்கு 50. தென்கோடிக்கும் 39 என்றே வைத்துக்கொள்வோம். அழுத்தம் = 0.6 × வேகம் × வேகம். 39-க்கு 912 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ. நம் கூரை, சுற்றி ஓர் அடி தாழ்வாரத்தோடு 16 அடிக்கு 11 அடி, சுமார் 16.3 சதுர மீட்டர். ஆக மேல்நோக்கிய இழுப்பு ஒன்றரை டன். கூரையும் பைப்பும் சேர்ந்த எடையாகக் கால் டன்னை மட்டும் கழித்துக்கொள்வோம். மீதி ஒண்ணேகால் டன்னைத் தரையும் வீட்டுச் சுவரும் பிடித்து வைக்க வேண்டும். இனி சொல்லும் ஒவ்வொரு அளவும் இதிலிருந்து வருகிறது. சென்னைக் கடற்கரைப் பக்கம் கட்டுவதாக இருந்தால் இந்த இழுப்பு 1.6 மடங்கு ஆகிவிடும். கீழே உள்ள அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கே கட்டினாலும் கடைசி வரைபடத்தை ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

எந்தப் பக்கம்

கிழக்கு. மேல்காற்றை வீடே தடுத்துவிடும். மதியத்துக்கு மேல் வீட்டு நிழலும் விழும். வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்ற நம்பிக்கை தென்மாவட்டங்களில் செல்லாது. சித்திரை தொடங்கும்போது உச்சிக்கு வரும் சூரியன் ஆவணி நடு வரை வடக்கில்தான் நிற்கும்.

கிழக்கிலும் ஒரு கவனம் தேவை. வீட்டின் மூலைகளைச் சுற்றிக்கொண்டு வரும் காற்று அங்கே மற்ற இடங்களைவிட வேகமாக இருக்கும். அதனால் அறையின் இரு முனைகளும் வீட்டு மூலையிலிருந்து குறைந்தது 3 அடி உள்ளே இருக்கட்டும். வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலியிடத்துக்குள் அறை வருகிறதா என்பதை வேலை தொடங்கும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வலைச்சுவர்தானே என்று விட்டுவிட முடியாது. கூரை போட்டாலே அது கட்டுமானம்.

மேற்கே மட்டும்தான் இடம் இருக்கிறது என்றால் அகலத்தை 8 அடியாகக் குறையுங்கள். உள்ளே புகுந்த காற்று வீட்டுச் சுவரில் மோதி, போக வழியின்றிக் கூரையைத்தான் தள்ளும். எல்லா நிலைகளிலும் மோசமானது இதுதான். இழுப்புக் கணக்கையும் அடித்தளத்தையும் பொறியாளர் தனியே போட்டுத் தர வேண்டும்.

அடித்தளம்

ஆறு தூண்கள். வெளிவரிசையில் 4 அடி 8 அங்குல இடைவெளியில் நான்கு, இரு பக்கச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று. ஒவ்வொரு தூணுக்கும் ஒன்றரை அடி சதுரத்தில் இரண்டரை அடி ஆழக் குழி. அதில் நிரம்பும் கான்கிரீட் ஏறத்தாழ 380 கிலோ எடை. ஒரு தூணுக்கு வரும் இழுப்பு 200 கிலோவைச் சற்றுத் தாண்டும் என்பதால் இது போதும். கலவை (சிமெண்ட் : மணல் : ஜல்லி) 1 : 1½ : 3, இருபது மி.மீ. ஜல்லி. ஆறு குழிக்கும் சேர்த்து 8 மூட்டை சிமெண்ட், 15 கன அடி மணல், 30 கன அடி ஜல்லி.

இது செம்மண்ணுக்கும் சரளைக்கும். கோவில்பட்டிப் பக்கக் கரிசலில் கோடையில் வெடிப்பு எவ்வளவு ஆழம் ஓடுகிறதோ அதற்குக் கீழே போக வேண்டும். 5 அடிக்குக் குறைவாகத் தோண்டுவதில் அர்த்தமில்லை. குழியைச் சுற்றி ஆற்று மணலோ எம்-சாண்டோ நிரப்பினால் மண் ஊதும்போது தூணைப் பிடித்துத் தூக்காது.

தூண் பைப்பைக் கான்கிரீட்டுக்குள் நேரடியாகப் புதைக்காதீர்கள். தரைமட்டத்தில் தண்ணீர் நின்று, அதே இடத்தில்தான் பைப் அரிக்கும். வெளியே பெயிண்ட் நன்றாக இருக்க உள்ளே ஓட்டையாகிவிடும். கான்கிரீட் போடும்போதே ஒவ்வொரு குழியிலும் 16 மி.மீ. ஜே-போல்ட் (அடிமுனை வளைந்த போல்ட்) நான்கை ஒன்றரை அடி ஆழத்துக்கு இறக்கி, போல்ட் நகராமல் பலகை டெம்ப்ளேட்டில் மாட்டி வையுங்கள். 8 அங்குலச் சதுரம், 10 மி.மீ. தடிமன் பேஸ் பிளேட், அதாவது தூணின் அடித்தகடு, அதன்மேல் உட்காரும். பிளேட்டின் மட்டம் தரைக்கு ஓர் அங்குலம் மேலே இருக்கட்டும். மூலைக்கு மூலை அளந்து இரண்டும் சமமா என்று பார்த்தபின் கான்கிரீட் கொட்டுங்கள். 7 நாள் தண்ணீர் ஊற்றிய பிறகே தூண் நிறுத்த வேண்டும்.

சட்டகம்

தூணுக்கு 3 அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்கொயர் பைப், 3.2 மி.மீ. தடிமன்: 20 அடி நீளத்தில் 3. கைமரத்துக்கும் முன்பக்க உத்திரத்துக்கும் சுவர்ப் பட்டைக்கும் 2×4 அங்குலப் பைப்: 6. குறுக்குச் சட்டத்துக்கு 2×2: 5, ஒவ்வொன்றும் 16 அடியாக வெட்டி 2¾ அடி இடைவெளியில். சுவர்ப் பக்கம் 9 அடி, வெளிப்பக்கம் 8 அடி உயரம். பத்து அடிக்கு ஓர் அடி வாட்டம் ஷீட்டுக்குக் குறைந்தபட்சத் தேவை. இதற்குக் கீழே போனால் காற்றோடு வரும் மழை ஷீட்டுகளின் ஒட்டுக்குள் ஏறும்.

சுவரோடு சேர்க்கும் இடத்தில்தான் பெரும்பாலான அறைகள் தோற்கின்றன. சன்ஷேடிலும் நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரிலும் தொங்கவிடக் கூடாது. சுவர்ப் பட்டையைக் கூரைத் தளத்துக்குக் கீழே உள்ள கான்கிரீட் பீமில் 2 அடிக்கு ஒன்றாக எட்டு 12 மி.மீ. ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குங்கள். பீம் எட்டாத உயரத்தில் இருந்தால் சுவரோரத்திலும் மூன்று தூண் நிறுத்துவதே சரி. ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ஆங்கர் விரிவதற்கு உள்ளே சதை இல்லை. இறுக்கும்போது பிடித்ததுபோல் இருந்து முதல் ஆடியில் உருவிக்கொண்டு வரும்.

ஜிஐ பைப்பில் வெல்டிங் வைத்த இடமெல்லாம் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். அங்கே தேய்த்துச் சுத்தம் செய்து ஜிங்க் பிரைமர் இரண்டு கோட், அப்புறம் எனாமல். வெறும் ரெட் ஆக்சைடு போதாது. பைப்பின் திறந்த முனைகளைத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள்.

கூரை

0.5 மி.மீ. கலர் ஷீட், வெள்ளை அல்லது வெளிர் நிறம், பதினொன்றரை அடி நீளத்தில் 5. அடர்நீலமும் செங்கல் நிறமும் பார்க்க அழகு, ஆனால் பங்குனி வெயிலில் கீழே உட்காருபவரின் தலைமேல் அனல் இறங்கும். பணம் இருந்தால் 50 மி.மீ. பஃப் பேனல் (நடுவில் நுரை அடைத்த ஷீட்) போடுங்கள். சூடும் குறையும், மழைச் சத்தமும் குறையும். இல்லையென்றால் ஷீட்டுக்கு 4 அங்குலம் கீழே மூங்கில் பாயோ சிமெண்ட் ஃபைபர் போர்டோ அடித்து, இடைவெளியின் இரு ஓரங்களிலும் காற்று போக வழி விட்டு வலை அடியுங்கள். வழி விடாமல் மூடினால் அந்த இடைவெளியே அடுப்பாகும்.

செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ ஷீட்டின் மேட்டில் போக வேண்டும், பள்ளத்தில் அல்ல. பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடுகிறது. இந்த ஊர்க் காற்றுக்கு ஒன்றுவிட்டு ஒன்று என்ற வழக்கம் வேண்டாம். ஐந்து குறுக்குச் சட்டத்திலும் எல்லா மேட்டிலும் ஒன்று: 150 ஸ்க்ரூ வாங்குங்கள். ஈபிடிஎம் வாஷர் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு மட்டும் முடுக்க வேண்டும். அதற்கு மேல் முடுக்கினால் ரப்பர் கிழிந்து, ஷீட் குழிந்து, ஒழுகும். தாழ்வாரத்தை ஓர் அடிக்கு மேல் நீட்டாதீர்கள். காற்று பிடித்துத் திருகுவது அந்த விளிம்பைத்தான்.

ஷீட்டும் சுவரும் சேரும் இடத்தில் சிமெண்ட் பூசினால் நிற்காது. 14 அடி இரும்பு, 40 டிகிரி வெப்பநிலை மாற்றத்துக்கு 2 மி.மீ. நீளும், பூச்சு வெடித்துவிடும். சுவரில் அரை அங்குலக் காடி வெட்டி, மடித்த தகட்டைச் செருகி, பியு சீலண்ட் (ரப்பர்போல் இழுபடும் பசை) நிரப்புங்கள்.

வலை

கீழே 2 அடி உயரத்துக்கு அரைச்சுவர் எழுப்பிவிடுங்கள். தரைப் புழுதியும் ஐப்பசி மழையின் தெறிப்பும் அதோடு நிற்கும். அதற்கு மேலே வலை.

கடையில் முதலில் காட்டுவது ஃபைபர்கிளாஸ் வலை, அலுமினியச் சட்டத்தில் ரப்பர் பீடிங் வைத்து அழுத்தியது. நகரத்து ஜன்னலுக்கு அது போதும். இங்கே காற்று வலையை நாள் முழுக்க உள்ளும் புறமும் ஆட்டுவதால் பீடிங் நழுவி வெளியே வரும். துருப்பிடிக்காத எஃகான எஸ்எஸ் 304 வலையே வாங்குங்கள்; கடலோரமானால் 316. கண் அளவு 1.2 மி.மீ. இருந்தால் கொசு நுழையாது. அதைவிட நுண்ணிய வலை வாங்கினால் காற்று குறையும், புழுதியும் சீக்கிரம் அடைக்கும்.

ஒரு சட்டம் அகலத்தில் இரண்டரை அடி, உயரத்தில் 3 அடியைத் தாண்டக் கூடாது. அதனால் தூண்களுக்கு நடுவில் ஒரு செங்குத்துப் பைப்பும் பாதி உயரத்தில் ஒரு குறுக்குப் பைப்பும் வரும். ஓர் அங்குல ஜிஐ பைப் சட்டத்தில் வலையை இழுத்து வைத்து, மேலே 20×3 மி.மீ. பட்டையை வைத்து 5 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. பட்டை முழு நீளத்துக்கும் அழுத்துவதால் வலையின் ஒரே இடத்தில் பாரம் விழாது. சட்டங்களைத் தூணோடு வெல்டிங் செய்யாமல் நான்கு போல்ட்டில் மாட்டினால் கழற்றிக் கழுவலாம். கழுவியே ஆக வேண்டும்: புழுதி அடைத்த வலை காற்றுக்குச் சுவர் மாதிரிதான்.

மழைக்கும் புழுதிக்கும் தார்ப்பாய்ச் சுருள் கட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தார்ப்பாயை இறக்கிய அந்த நிமிடம் வலைச்சுவர் பாய்மரமாகிவிடும். கிழக்கே மழைக்கு இடைவெளியோடு பின்னிய மூங்கில் தட்டி போதும். வெயில் காலத்தில் வறண்ட காற்று வரும் பக்கம் நனைத்த வெட்டிவேர்த் தட்டி கட்டினால் உள்ளே நன்றாகவே குளிரும். கடலோர ஈரக்காற்றில் அது அவ்வளவாகப் பலிக்காது.

கதவு, தரை, கரண்ட்

கதவு வடக்கு அல்லது தெற்குப் பக்கம், வெளியே திறக்கும்படி. கீல் மேற்கு ஓரத்தில் இருக்க வேண்டும். அப்போது திறந்த கதவைக் காற்றே சாத்தும். கிழக்கு ஓரத்தில் கீல் வைத்தால் காற்று கதவைப் பிடுங்கி விரித்துக் கீலை முறிக்கும். ஹைட்ராலிக் க்ளோசரும் கீழே பிரஷ் பட்டையும் அவசியம். கதவடியில் விட்ட கால் அங்குலத்தில் வருகிற கொசுவுக்கு முன்னால் மற்ற எல்லா வேலையும் வீண்.

தரை வீட்டுத் தரைக்கு 3 அங்குலம் கீழே, வெளிப்பக்கம் ஒன்றரை அங்குல வாட்டத்தோடு. சொரசொரப்பான கடப்பா நல்லது. அரைச்சுவரில் தண்ணீர் போக விடும் துளைகளுக்கும் வலை வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள்.

சட்டகம் முழுதும் இரும்பு என்பதால் எர்த் கம்பி கட்டாயம். இந்த அறைக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) தனியாகப் போடுங்கள். கூரை தாழ்வாக இருப்பதால் சீலிங் ஃபேனைவிடச் சுவர் ஃபேன் பாதுகாப்பு. மஞ்சள் எல்இடி விளக்குக்கு வெள்ளை விளக்கைவிடப் பூச்சி குறைவாக வரும்.

வேலையைத் தை பிறந்ததும் தொடங்கிப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்து, மேல்காற்று இன்னும் எழும்பாத காலம் அது. காற்று எழுந்தபின் 11 அடி ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுவது உயிருக்கே ஆபத்து. பிறகு ஆண்டுதோறும் சித்திரையில் எல்லா ஸ்க்ரூவையும் போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வலையை உள்ளிருந்து வெளியே பைப் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பேஸ் பிளேட் ஓரத்தில் துரு தெரிந்தால் அன்றே சுரண்டிப் பிரைமர் அடியுங்கள்.