கொங்குத் தோட்டத்து மண்ணைத் தேற்றும் முறை: மண் மாதிரி எடுப்பது முதல் பசுந்தாளை மடக்கி உழுவது வரை

சின்ன வெங்காயம், மக்காச்சோளம், மஞ்சள், மறுபடியும் மக்காச்சோளம் என்று ஓய்வின்றிப் பயிர் வைத்து வந்த தோட்டங்களில், உர மூட்டைகளைக் கூட்டினாலும் விளைச்சல் கூடாத நிலை ஒரு கட்டத்தில் வந்துவிடுகிறது. பொங்கலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கும் அந்த நிலை வந்தது. அதிலிருந்து மண்ணை மீட்க நாங்கள் பின்பற்றிவரும் வரிசையை, புதிதாகப் பண்ணையம் பார்க்க வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தண்ணீர் கட்டுவதும் பாத்தி பிடிப்பதும் தெரிந்தவை என்று கொண்டு அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் நம் நிலத்தின் இயல்பை மனத்தில் கொள்ள வேண்டும். நமக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான் கிடைக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, மழையைக் கொடுப்பதைக் காட்டிலும் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டு போவதே அதிகம். வெயிலில் மண்ணின் மக்குச் சத்து விரைவில் எரிந்துவிடுகிறது. கோவை வேளாண் கல்லூரி வளாகத்தில் 1909ஆம் ஆண்டு தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல், இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடர்ந்து நடந்துவருகிறது. தொழு உரம் தொடர்ந்து பெற்ற பாத்திகள் மண்வளத்தில் மேலாக நிற்பதை அங்கே காணலாம். நான் ரசாயன உரத்தை அறவே ஒதுக்கச் சொல்லவில்லை. மண்ணில் மக்கு இல்லாதபோது அந்த உரத்துக்கும் முழுப் பலன் கிடைப்பதில்லை என்பதே என் வாதம்.

முதற்படி: மண்ணையும் தண்ணீரையும் சோதித்தல்

அறுவடை முடிந்து, அடுத்த பயிருக்கு உரமிடுவதற்கு முன் மாதிரி எடுக்க வேண்டும். ஒரே நிறமும் ஒரே பயிர் வரலாறும் உள்ள நிலத்தை ஒரு பகுதியாகக் கொண்டு, அதற்குள் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் மண் எடுக்க வேண்டும். வரப்போரம், மர நிழல், குப்பை கொட்டி வைத்த இடம், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, மீண்டும் கலந்து பிரித்து, அரைக் கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டினால் போதும். பழைய உரச்சாக்கில் மண்ணைப் போட்டால் முடிவு பொய்யாகிவிடும்.

2015ஆம் ஆண்டு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 பண்புகளைச் சோதித்துத் தருகிறார்கள். அவற்றில் நான் முதலில் பார்ப்பது, மண்ணின் மக்கைக் காட்டும் அங்ககக் கரிமத்தின் அளவு. அது 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிறைவு என்று கொள்வார்கள். அடுத்து கார அமிலத் தன்மையை (pH) பார்க்கிறேன். நம் பக்கத்துச் சுக்காங்கல் நிலங்களில் அது 8ஐத் தாண்டுவது சாதாரணம். அட்டை வரும்வரை காத்திராமல் ஒரு கைப்பிடி உலர்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மிகுந்த மண். அப்படிப்பட்ட மண்ணில் துத்தநாகமும் இரும்பும் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காத வடிவத்துக்கு மாறிவிடுகின்றன. அவற்றை நேரே மண்ணில் தூவுவதைவிட, மக்கிய தொழு உரத்துடன் கலந்து ஈரப்பதத்தில் ஒரு மாதம் வைத்திருந்து இடுவது பயன் தரும்.

தண்ணீரையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசி, அரை லிட்டர் பிடித்தால் போதும். நொய்யல் கரைக்காரர்களுக்கு இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதால் சுற்றுவட்டாரக் கிணறுகள் எப்படி உப்பாகிப் போயின என்பதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

இரண்டாம் படி: அடிமண் இறுக்கத்தை அறிதல்

நல்ல மழைக்கு மறுநாள், முனை கூரான இரும்புக் கம்பியைக் கையால் மண்ணில் அழுத்திப் பாருங்கள். ஓரடிக்குள் ஒரே ஆழத்தில் எல்லா இடத்திலும் தடுத்து நின்றால், ஆண்டுதோறும் அதே ஆழத்தில் கலப்பை ஓடியதால் இறுகிய தட்டு கீழே இருக்கிறது என்று பொருள். அதை உடைக்க உளிக்கலப்பையைக் கோடையில், மண் காய்ந்திருக்கும்போது, குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை போதுமானது.

மூன்றாம் படி: விதை

சித்திரை, வைகாசியில் கோடை மழை கிடைத்ததும் பசுந்தாள், அதாவது பச்சையாகவே மண்ணுக்குள் மடக்கி உழுவதற்கென்று வளர்க்கும் பயிர், விதைப்பது நம் பருவத்துக்குப் பொருந்தும். செம்மண் தோட்டத்துக்கு ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ சணப்பு. தண்ணீர் உப்பாக இருந்தாலோ, மண் களர்த்தன்மை உடையதாக இருந்தாலோ 20 கிலோ தக்கைப்பூண்டு. சணப்பு நீர் தேங்குவதைத் தாங்காது, தக்கைப்பூண்டு தாங்கும். கொழிஞ்சியின் விதைத்தோல் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைக்காவிட்டால் முளைப்பு குறையும்.

மகாராஷ்டிரத்தின் ஸ்ரீபாத தபோல்கர் வகுத்து, நம்மாழ்வார் ஐயா தமிழகமெங்கும் எடுத்துச் சென்ற பலதானிய விதைப்பை நான் மதிக்கிறேன். தானியம், பயறு, எண்ணெய் வித்து, வாசனைப் பொருள், பசுந்தாள் என்று ஒவ்வொன்றிலும் நான்கு வகை விதைப்பது அந்த முறை. ஆனால் எங்கள் தோட்டத்தில் கோடை விதைப்பில் வெந்தயமும் கடுகும் சரியாக எழுவதில்லை என்பதால் அவற்றை விட்டுவிட்டோம். சணப்பு, தட்டைப்பயறு, கொள்ளு, கொஞ்சம் கம்பு ஆகிய நான்கு மட்டுமே போடுகிறோம். எல்லாமே நம் ஊரில் எளிதில் கிடைப்பவை, செலவும் கட்டுப்படியாகும்.

நான்காம் படி: மடக்கி உழுதலும் காத்திருப்பும்

இந்தப் படியைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே. எங்களுக்கும் தெளிவு பிறக்க நெடுநாள் பிடித்தது.

முதலாவது, பருவம். 45ஆம் நாளை ஒட்டி முதல் பூக்கள் தெரியும்போது உழுதுவிட வேண்டும். இன்னும் வளரட்டும், தழை கூடும் என்று நிறுத்தினால் தண்டு நாராகிவிடுகிறது. ஒரு தண்டை ஒடித்துப் பாருங்கள்: சட்டென்று முறிந்தால் தக்க பருவம், தோல் நாராக உரிந்து தொங்கினால் காலம் தாழ்ந்துவிட்டது. முற்றிய சணப்பில் ரோட்டாவேட்டரை விட்டால் நார் அதன் அச்சில் சுற்றிக்கொண்டு வண்டி அடிக்கடி நிற்கும். அப்போது ஒரு மரப்பலகையை இழுத்துப் பயிரை ஒரே திசையில் படுக்கவைத்து, அதே திசையில் சட்டிக்கலப்பையை ஓட்டுவது நல்லது. பொதுவாகவே ரோட்டாவேட்டரை ஒருமுறை மேலாக ஓட்டிவிட்டு, அதன்பின் கொத்துக்கலப்பையால் புரட்டுவதையே நான் விரும்புகிறேன். திரும்பத் திரும்ப ரோட்டாவேட்டர் ஓட்டினால் மண் மாவாகி, ஆடிக் காற்றில் மேல்மண் பறந்துவிடும்.

இரண்டாவது, ஈரம். நாம் உழும் நாட்கள் காற்றுக் காலத்தில் வருகின்றன. வெட்டிய தழை ஒரு பகல் மேலே கிடந்தால் சருகாகிவிடும். சருகான தழையிலிருந்து தழைச்சத்தும் (நைட்ரஜன்) வீணாகும், அது மண்ணுக்குள் போனாலும் விரைவில் மக்காது. ஆகவே இரண்டு நாள் முன்பே தண்ணீர் விட்டு, பதம் வந்ததும் மாலையில் வெட்டி, அன்றே மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். மழை இல்லையென்றால் பத்து நாளுக்கு ஒருமுறை நனைத்து விடுவது அவசியம்.

மூன்றாவது, இடைவெளி. மடக்கி உழுது ஏழு முதல் பத்து நாளில் நடலாம் என்று படித்திருப்பீர்கள். அது சேற்றில் நீர் நிற்கும் நெல்வயலுக்கான கணக்கு. கோபிசெட்டிபாளையத்தில் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாயும் வயல்களுக்கு அது பொருந்தும். கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் தண்டு மக்குவதற்கு மூன்று, நான்கு வாரங்கள் தேவைப்படுகின்றன. அரைகுறையாக மக்கிய நிலையில் வெங்காயமோ மக்காச்சோளமோ வைத்தால், தண்டைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கே எடுத்துக்கொள்ள, இளம்பயிர் மஞ்சளித்து நிற்கும். அதைக் கண்டு யூரியாவை அள்ளிப் போட்டு, பசுந்தாளால் பயனில்லை என்று முடிவு கட்டிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. குறை முறையில் இல்லை, காலக்கணக்கில் இருக்கிறது.

நாளை எண்ணுவதைவிட மண்ணைத் தோண்டிப் பார்ப்பதே நம்பகமானது. தண்டு கறுத்து, விரலால் நசுக்கினால் உதிர வேண்டும். புளித்த நாற்றம் நீங்கி மழை மண் வாசம் வர வேண்டும். ஐயம் இருந்தால், அந்த மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பிக் கீரை விதையைத் தூவுங்கள். முளைத்து ஒரு வாரம் பச்சையாக நின்றால் நிலம் தயார்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண்ணின் எடை ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. அதில் கரிமத்தை 0.1 சதவீதம் உயர்த்த 900 கிலோ கரிமம் நிலையாகத் தங்க வேண்டும். நன்றாக வளர்ந்த சணப்பு ஏக்கருக்கு 6 டன் பச்சைத்தழை தந்தாலும், அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். எஞ்சியதிலுள்ள கரிமத்திலும் பெரும்பகுதி மக்கும்போது காற்றோடு போய்விடும். ஆகவே முதல் பருவத்தில் தழைச்சத்தும் மண்ணின் பொலபொலப்பும் கூடும். அட்டையில் கரிம எண் நகர்வதற்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: பட்டியும் குப்பையும்

'ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்' என்பார்கள். ஆட்டுப் பட்டியைத் தோட்டத்தில் அடைத்து, இடம் மாற்றி மாற்றி நிறுத்தினால் புழுக்கையோடு கோமியமும் மண்ணில் சேர்கிறது. பட்டியை நகர்த்தியதும் மேலாக ஓர் உழவு கொடுக்காவிட்டால் சத்து ஆவியாகிவிடும். கோடையில் ஆடுகள் சீமைக்கருவேலக் காய்களைத் தின்றுவிட்டு வந்தால் அந்த விதைகளும் உங்கள் நிலத்துக்கு வந்துசேரும்; ஆடுகள் எங்கே மேய்ந்தன என்று பட்டிக்காரரிடம் கேட்டுவிட்டு அடையுங்கள். பல்லடம், நாமக்கல் பக்கம் கோழி எரு தாராளமாகக் கிடைக்கிறது. அதைக் குவித்து நனைத்து மக்கவைத்த பிறகே இட வேண்டும்.

ஈரம் காக்க மண்ணின் மேல் பரப்பும் மூடாக்குக்குத் தென்னை மட்டை, கரும்புத் தோகை, சோளத்தட்டு எதுவும் ஆகும்.

பின்சேர்க்கை

இதை முதலில் எழுதி வெளியிட்ட பிறகு நண்பர்கள் கேட்டவற்றைச் சேர்க்கிறேன்.

மயில் விதைகளைப் பொறுக்கிவிடுகிறது என்று காங்கயம், தாராபுரம் பக்கத்தவர்கள் எழுதியிருந்தார்கள். காலையில் தூவி மாலையில் மூடுவதைத் தவிர்த்து, தூவிய கையோடு லேசாகக் கொத்துக்கலப்பை ஓட்டி மூடிவிட்டால் சேதம் பெருமளவு குறைகிறது.

பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர்கள், மரத்தடி வட்டப்பாத்தியில் மரத்துக்கு 50 கிராம் சணப்பு விதைத்து, பூப்பதற்கு முன் மண்வெட்டியால் கொத்திச் சேர்க்கலாம். டிராக்டரை வேருக்கு அருகே கொண்டுபோக வேண்டாம். பச்சையான தென்னைநார்க் கழிவை நேரே பாத்தியில் கொட்டினால் அதுவும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, நிழலில் ஈரம் காத்து மக்கவைக்கும் முறையை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. தோப்புக்குள் எருக்குழி இருந்தால் காண்டாமிருக வண்டின் புழுக்கள் அதில் பெருகும். குழியைக் கிளறும்போது புழுக்களைப் பொறுக்கி அழித்து, அவற்றைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தையும் கலந்துவிடுங்கள்.

கிணறு இல்லாத மானாவாரிக் காட்டுக்கு இந்த வரிசை அப்படியே ஒத்துவராது. அங்கே மடக்கி உழுத தழை மக்குவதற்கான ஈரத்தை நம்மால் உறுதிசெய்ய முடியாது. ஐப்பசி மழைக்குக் கொள்ளு விதைத்து, அறுத்த பின் வேரையும் தாளையும் நிலத்திலேயே விடுவது பொருத்தம். கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, காங்கயம் மாடுகளையும் ஆடுகளையும் மேயவிடும் கொரங்காடுகளை உழுது பயிர்க்காடாக மாற்றாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். குறைந்த மழையில் அந்த நிலம் அளிக்கும் பலனை வேறு பயிரால் பெறுவது அரிது.

மறு மண் சோதனையை, முதலில் எடுத்த அதே மாதத்தில், அதே இடங்களில், அதே ஆழத்தில் எடுங்கள். பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாமல், எந்தப் பகுதியில் எடுத்த மண் என்பதை அதன் பின்புறத்தில் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் இரண்டு அட்டைகளை ஒப்பிட முடியாது.