பள்ளிக் குடிநீருக்கு ரோட்டரி நிதியுதவி கேட்பது எப்படி?

பென்னாகரம் பக்கத்துப் பள்ளிகளுக்குக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வேண்டும் என்று யார் வந்தாலும், நான் முதலில் கேட்பது தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைத்தான். தருமபுரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் விண்ணப்பத்துக்கு உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள புளோரைடு அளவு வேண்டும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் மாதிரி கொடுங்கள். அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் அந்த ஒரு தாளே உங்களுக்காகப் பேசும்.

ரோட்டரி அறக்கட்டளை ஊர்க்குழுவுக்கு நேரடியாகப் பணம் தருவதில்லை. விண்ணப்பிக்க வேண்டியது ரோட்டரி சங்கம். எனவே தலைமையாசிரியரையும் அழைத்துக்கொண்டு அருகிலுள்ள சங்கத்தின் கூட்டத்துக்கு நேரில் போங்கள். ஒரே பள்ளி என்றால், ரோட்டரி மாவட்டம் (பல சங்கங்கள் சேர்ந்த ரோட்டரி அமைப்பு; அரசு மாவட்டம் அல்ல) வழியாக வரும் மாவட்ட நிதியுதவியே பொருத்தம். பெரிய திட்டங்களுக்கான உலகளாவிய நிதியுதவிக்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சங்கம் ஒன்றும் கைகோக்க வேண்டும்.

விலைப்புள்ளி வாங்கும்போது வடிகட்டி மாற்றும் செலவையும் எழுதி வாங்குங்கள். கருவி வந்த பிறகு அந்தச் செலவை யார் ஏற்பது? பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, கையொப்பத்துடன் இணையுங்கள். கருவி ஒதுக்கும் கழிவுநீரில் புளோரைடு இன்னும் கூடுதலாக இருக்கும்; அது எங்கே போகும் என்பதையும் வரைபடத்தில் காட்டிவிடுங்கள். புளோரைடால் பிள்ளைகளின் பற்களில் கறை படிவதைப் பார்த்தவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

ஒப்புதல் வரும்வரை குழி தோண்டக் கூடாது. தொடங்கிவிட்ட வேலைக்கு அறக்கட்டளை பணம் தராது.